மணிக்கு மூன்று பஸ் போகுதாம், நான் மட்டும் ஏன் காய்ஞ்சுகொண்டு நிற்கிறன்?

உப்புவெளிப் பெடியன்:
உப்புவெளி ஹோல்ட்டில ஏறித்தான் திருகோணமலை டவுனுக்கு வேலைக்குப் போறனான். ஹாட்வெயார் கடையொன்றில கணக்கெழுதுறன். புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி, எந்தப் பக்கமிருந்து வாற பஸ்ஸெண்டாலும் எனக்குச் சரி. ஹோல்ட்டுக்கு முன்னால தேத்தண்ணிக் கடை வைச்சிருக்கிற அண்ணை, "தம்பி, மணித்தியாலத்துக்கு மூன்று குறையாமல் போகுது, நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறன்" எண்டுறார். மூன்றெண்டால் 20 நிமிசத்துக்கு ஒன்று. நான் வீட்டால வெளிக்கிடுறதும் ஒரு நேரத்துக்கெண்டில்லை. அப்ப சராசரியா 10 நிமிசம் நின்றால் காணுமே? நான் நிற்கிறது அதின்ர ரெண்டு மடங்கு! அண்ணை பொய் சொல்லுற ஆளில்லை. எனக்கும் மணிக்கூடு பார்க்கத் தெரியும். ஏழரைச் சனி, கோயிலில எள்ளெண்ணெய் எரி எண்டு அம்மா சொல்லுறா. வேற விளக்கம் இருந்தாச் சொல்லுங்கோ.

கிண்ணியா நானா:
இதுக்குக் கணக்கு எதுக்குத் தம்பி? போனவுடன பஸ் கிடைச்ச நாளை ஆரு ஞாபகம் வச்சிருக்கிற? வெயில்ல நிண்ட நாள்தான் மண்டைக்குள்ள நிக்கும். ஒரு கொப்பியில எழுதிப் பாருங்க, சரியா வரும்.

கணக்கு ரீச்சர்:
நானா சொல்லுறதில கொஞ்சம் உண்மை இருக்கு. ஆனால் கொப்பியில எழுதினாலும் தம்பி சொல்லுறதுதான் வரும். கடைக்காரரும் சரி, தம்பியும் சரி.

மணிக்கு மூன்று எண்டால் 20, 20, 20 எண்டு ஆர் சொன்னது? 5 நிமிசம், 5 நிமிசம், பேந்து 50 நிமிசம் எண்டு வந்தாலும் மூன்றுதான், சராசரி இடைவெளி 20தான். இப்ப நீங்கள் நினைச்ச நேரத்துக்கு ஹோல்ட்டுக்குப் போறீங்கள். அந்த 60 நிமிசத்தில எந்த இடைவெளிக்குள்ள போய் விழுவீங்கள்? ஆறில் ஐந்து பங்கு வாய்ப்பு அந்த 50 நிமிசப் பள்ளத்துக்குள்ளதான். அதுக்குள்ள விழுந்தால் சராசரியா 25 நிமிசம் நிற்கவேணும். மிச்ச ஆறில் ஒரு பங்கில இரண்டரை நிமிசம். ரெண்டையும் சேர்த்தால் 21 நிமிசத்துக்கு மேல வருது. நீங்கள் எதிர்பார்த்த 10 எங்க, இது எங்க!

கடைக்காரர் பஸ்ஸை எண்ணுறார். நீங்கள் நிமிசத்தை எண்ணுறீங்கள். அவருக்கு மூன்று இடைவெளியில ரெண்டு சின்னது. உங்களுக்குப் பெரியதுதான் அடிக்கடி மாட்டும், ஏனெண்டால் அதுதான் நீளம்.

பஸ் ஒரு ஒழுங்குமில்லாமல் கண்டபாட்டுக்கு வருதெண்டு வையுங்கோ, சராசரி இடைவெளி அதே 20. அப்ப நீங்கள் நிற்கவேண்டிய சராசரியும் முழு 20 நிமிசம்தான். கடைசிப் பஸ் போய் ஒரு நிமிசமோ அரை மணித்தியாலமோ, அது மாறாது. "இவ்வளவு நேரம் நின்றிட்டன், இனி வந்திடும்" எண்டு மனதைத் தேற்றுறதுக்கு அங்க கணக்கில இடமேயில்லை. ஏ.எல். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஒருத்தரும் நம்புறேல்லை.

பழைய கொண்டக்டர்:
ரீச்சர் 5, 5, 50 எண்டு சும்மா உதாரணத்துக்குப் போட்டிருப்பா, ஆனால் ரோட்டில நடக்கிறது அதேதான். முன்னுக்குப் போறவன் கொஞ்சம் சுணங்கினால் அடுத்த ஹோல்ட்டில சனம் கூடியிருக்கும். ஏற்ற இறக்க இன்னும் சுணக்கம். ஒரு மீன்கூடையைப் பின்கதவால ஏற்றி, ஆயிரம் ரூபாய்த் தாளுக்கு மிச்சக்காசு தேடி, "ரைட்" சொல்லுறதுக்குள்ள ரெண்டு நிமிசம் போயிடும். பின்னால வாறவனுக்கு ஏற்ற ஆளில்லை, பறந்து வந்து முதுகில ஒட்டுவான். பேந்து ரெண்டும் சோடியாத்தான் டவுனுக்குள்ள நுழையும். ஒருத்தரும் வேணுமெண்டு செய்யிறேல்லை. (தனியார் பஸ்ஸும் அரசாங்கத்தின்ர சீ.ரீ.பி. பஸ்ஸும் போட்டிக்கு ஓடுறது வேற கதை, அதை இங்க தொடங்கினால் விடிஞ்சிடும்.)

கிண்ணியா நானா:
சரி, தோத்துட்டன். அப்ப ஒரு கேள்வி ரீச்சர். என்ட மச்சான் டியூட்டரி வச்சிருக்காரு. "ஒரு வகுப்புக்குச் சராசரி 50 புள்ளையள்"ங்கிறாரு. புள்ளையளக் கேட்டா, மூச்சு விட இடமில்லையாம். இதுவும் அதுதானா?

கணக்கு ரீச்சர்:
அச்சொட்டா அதுதான். ஒரு வகுப்பில 10 பேர், மற்றதில 90 பேரெண்டால் மச்சானுக்குச் சராசரி 50. ஆனால் 100 பிள்ளைகளில 90 பேர் நெரிசலுக்குள்ளதானே இருக்கினம். ஒவ்வொருத்தரிட்டயும் "உன்ர வகுப்பில எத்தினை பேர்?" எண்டு கேட்டால் சராசரி 82 வரும்.

ஸ்கொட் ஃபெல்ட் எண்ட அமெரிக்க சமூகவியலாளர் 1991இல இதையே கூட்டாளிமார் விசயத்திலயும் காட்டினவர். அனேகமான ஆக்களின்ர கூட்டாளிமாருக்கு அவையைவிடக் கூடக் கூட்டாளிமார் இருப்பினம். நிறையச் சிநேகிதம் உள்ள ஆள் நிறையப் பேரின்ர பட்டியலில வருவார், அவ்வளவுதான். முகநூலைப் பார்த்துக் கவலைப்படுற என்ர மகளுக்கும் சொல்லிப் பார்த்தன். கேட்டால்தானே.

உப்புவெளிப் பெடியன்:
விளங்கிச்சு ரீச்சர். ஆனால் முதலாளிக்கு இதைச் சொல்ல ஏலாது. என்ன செய்யிறது?

பழைய கொண்டக்டர்:
ஹோல்ட்டில நிற்கிற சனத்தைப் பார் தம்பி. ஒருத்தருமில்லையெண்டால் இப்பத்தான் ஒன்று போயிருக்கு, போய் அண்ணையிட்ட பிளேன் ரீ குடி. சனம் திரண்டு நின்றால் அசையாதை. வாறது புட்போர்டில தொங்கத் தொங்க வந்தால் அதை விடு, அனேகமாப் பின்னால வாறதில இருக்க இடம் கிடைக்கும். ஆனால் புல்மோட்டைக்குப் போற கடைசிப் பஸ்ஸில மட்டும் இந்த விளையாட்டு வேண்டாம். அதுக்குப் பின்னால ஒன்றுமில்லை.