ஏற்காட்டில் டோர் உலாவி தவழ்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஒண்டிக்கடை பக்கம் குடியிருக்கிறேன். கைப்பேசி இணைப்பில்தான் மடிக்கணினி ஓடுகிறது. நாம் யார், எங்கிருந்து வருகிறோம் என்பதை மறைத்து இணையத்தில் உலவ உதவும் டோர் உலாவியில் ஒரு பக்கம் திறப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது. மூன்று கணுக்களை (இடையில் தரவைக் கைமாற்றும் கணினிகளை) சுற்றி வருவதால் தாமதம் இயல்புதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் இதே கணினி சேலம் அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டில் பத்து நொடியில் திறக்கிறதே!

டோரில் புதிய சுற்று (வேறு கணுக்கள் வழியான பாதை) கேட்டுப் பார்த்தேன். பின்னிரண்டு கணுக்கள் மாறின. முதல் கணு மாறவில்லை. பாதுகாப்புக்காக அதை நெடுநாள் மாற்றாமல் வைப்பார்கள். அக்கா வீட்டிலும் அதே முதல் கணுதான், ஆகவே பழி அதன்மேல் இல்லை.

மூடுபனி இறங்கினால் இன்னும் மோசம் (என் பிரமையாகவும் இருக்கலாம்). சாதாரண உலாவிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. சிக்னல் விட்டுவிட்டு வந்தால் டோர் மட்டும் இப்படித் திணறுமா? ஸ்னோஃபிளேக் பாலம் (தடையைத் தாண்ட, தன்னார்வலர்களின் கணினி வழியாக டோருக்குள் நுழையும் வழி) போட்டால் வேகம் கூடுமா, இருப்பதும் போய்விடுமா? மலையில் இருந்துகொண்டு இதைப் பயன்படுத்துபவர்கள் சொல்லுங்கள்.