புதுப்பிப்பு: மொட்டே வைக்காத டேலியா பூத்துவிட்டது (கொடைக்கானல்)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நல்ல வெயில் விழும் இடத்தில் டேலியா ஆள் உயரம் வளர்கிறது, இலை கருகருவென்று இருக்கிறது, மொட்டு மட்டும் இல்லை, காற்றடித்தால் சாய்கிறது என்று போன வருஷம் கேட்டிருந்தேன்.

பலன் தந்தது வில்பட்டி அண்ணன் சொன்ன வழி. யூரியா, கோழி எரு இரண்டையும் நிறுத்தச் சொன்னார். தழைச்சத்து மிஞ்சினால் செடி இலையிலேயே நின்றுவிடும், பூவுக்கு வராது. பதிலாக எலும்புத்தூளும் கொஞ்சம் பொட்டாஷும் போட்டேன். உறைபனி விட்டதும் பிப்ரவரி கடைசியில் கிழங்கு நட்டு, அப்போதே கம்பும் ஊன்றியாயிற்று. பிறகு ஊன்றினால் கிழங்கில் குத்தும். நாலு ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளினேன். கிள்ள மனசு வராதுதான். ஆனால் பக்கக்கிளை பிரிந்து செடி திடமாக நின்றது, பூ சற்றுத் தள்ளிப்போனாலும் ஜூனில் கிளைக்குக் கிளை மொட்டு. வாடிய பூவை உடனுக்குடன் வெட்டினால் அடுத்தது வருகிறது.

இடத்தை மாற்றச் சொன்னவர்களுக்கு: மாற்றவில்லை, அதே வெயில்தான்.

எதிர்பாராத ஒன்று. காலையில் பார்த்தால் இதழெல்லாம் ஓட்டை. நத்தை என்று நினைத்து ராத்திரி டார்ச் அடித்தால், வாலில் இடுக்கி வைத்த அந்தப் பழுப்புப் பூச்சி! வைக்கோல் அடைத்த சிரட்டையைக் கம்பு நுனியில் கவிழ்த்து வைத்தேன். விடிவதற்குள் அதில் புகுந்துகொள்கின்றன. சோப்புத் தண்ணீரில் தட்டிவிடலாம். மருந்து தேவைப்படவில்லை.

ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். அதனால் அதற்கு முன்பே தோண்டி எடுத்துவிடப் போகிறேன்.