கொசுத்தேன் விட்ட மாங்காய்ப் பச்சடி

போன வைகாசியில் சித்தேரி மலைப் பக்கம் போனபோது ஒரு பெரியவர் வழியோரமாகத் தேன் வைத்திருந்தார். மரக்கொம்பில் கூடு கட்டும் தேனீயின் கொம்புத்தேன் நிறைய, கொசு மாதிரி சின்னதாக இருக்கும் கொட்டாத தேனீயின் கொசுத்தேன் ஒரே ஒரு சின்ன பாட்டில். கொசுத்தேனை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், புளிப்புதான் முதலில் வந்தது. கெட்டுப்போச்சோ என்று பார்த்தால், "அது அப்படித்தாம்மா இருக்கும், மருந்துக்குத்தான் எல்லாரும் வாங்குவாங்க" என்றார். புளிப்பும் இனிப்பும் என்றதும் எனக்கு மாங்காய்ப் பச்சடி ஞாபகம் வந்துவிட்டது, இரண்டு தேனையும் வாங்கிக்கொண்டேன்.

கிருஷ்ணகிரியில் அந்த மாதம் பெங்களூரா மாங்காய்க்குப் பஞ்சமே இல்லை. தோல் சீவி, மஞ்சள், உப்பு போட்டுக் குழைய வேகவைத்து, கடுகும் வரமிளகாயும் தாளித்துக் கொட்டி இறக்கிவிட்டேன். வெல்லம் போடவில்லை. பாத்திரத்தைக் கையால் தொடும் சூட்டுக்கு வந்த பிறகு கொசுத்தேன் மூன்று ஸ்பூன். அந்த வாசனை இருக்கிறதே, வெல்லப் பச்சடியில் அது வராது. கொதிக்கும்போதே விட்டிருந்தால் அவ்வளவும் ஆவியோடு போயிருக்கும்.

அதற்கு முந்தைய வருஷம் கோழியில் பட்ட பாடுதான் இதைக் கற்றுக்கொடுத்தது. மிளகுத்தூள், எலுமிச்சைச் சாறோடு தேனையும் சேர்த்து ஊறவைத்துக் கல்லில் போட்டேன், ஐந்து நிமிஷத்தில் வெளியே கரி, உள்ளே எலும்போரம் ரத்தம். தேனில் பழச்சர்க்கரை அதிகம், அது சீனியைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகிவிடும். இப்போது கறி முழுக்க வெந்து தண்ணீர் வற்றிய பிறகு, தீயைக் குறைத்து, கடைசி இரண்டு நிமிஷம்தான் தேன். துண்டுகள் பளபளவென்று மினுங்கும், மிளகுக் காரம் தொண்டையில் இதமாக இறங்கும்.

தினை மாவில் தேன் சேர்க்க அடுப்பே வேண்டாம். தினையை வாசம் வர வறுத்து அரைத்து, ஏலக்காய் சேர்த்து, மாவு ஆறியதும் கொம்புத்தேனைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசைந்தால் உருண்டை பிடிக்க வரும். எங்கள் ஆயா அந்தத் தேனில் ஒரு துளி எடுத்து எட்டு மாதக் குழந்தையின் நாக்கில் வைக்கப் போனார், கையைப் பிடித்துவிட்டேன். 1 வயதுக்குள் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் அந்தப் பிஞ்சுக் குடலில் வளர்ந்து நஞ்சாகும். ஆயாவுக்கு வருத்தம்தான், ஆனாலும் விடவில்லை.

மார்கழியில் மீதித் தேன் அடியில் சர்க்கரை மாதிரி உறைந்துபோனது. கலப்படம் என்று வீட்டில் கொட்டப் பார்த்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை அரை மணி நேரம் நிறுத்திவைத்தேன், இளகிவிட்டது. அன்று ராகி அடைக்கு அதைத்தான் தொட்டுக்கொண்டோம்.