வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ப்ரேரியைக் காப்பாற்ற யோசனை தேவை

வணக்கம். நாங்கள் இருப்பது இல்லினாய், சிகாகோவுக்கு மேற்கே. குடியிருப்புக் குளத்தை ஒட்டி 2 ஏக்கர் ப்ரேரி, அதாவது இந்த மண்ணுக்கே உரிய உயரமான புல்வெளி, இருக்கிறது. களைக்காடு, பாம்பு வரும் என்று சொல்லி, குடியிருப்புக்காரர்கள் அதை அழித்து லான் போட அக்டோபரில் வாக்கெடுப்பு வைக்கிறார்கள்.

அங்கே இருப்பது ஆளுயர பிக் புளூஸ்டெம் புல். அப்புறம் மில்க்வீட்; நம்ம எருக்குக்குச் சொந்தம், கிள்ளினால் அதே பால். மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு வேறெதையும் தின்னாது.

புல்லின் வேர் 10 அடி வரை இறங்கி மழைநீரைப் பிடிக்கும் என்று கூட்டத்தில் சொன்னேன், எடுபடவில்லை. கேட்பாரற்ற இடம் இல்லை என்று தெரிய பலகை வைத்தோம், நடைபாதை ஓரத்தை ஒட்ட வெட்டினோம். புதர் மண்டாமல் இருக்க முறைப்படி தீ வைக்கலாம் என்றதும் இருந்த ஆதரவும் போச்சு. கையெழுத்து கேட்டால் நம் ஊர்க்காரர்களே தயங்குகிறார்கள்.

இப்படி ஒரு வாக்கெடுப்பில் ஜெயித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: அக்கம்பக்கத்தாரை எதைச் செய்து சம்மதிக்க வைத்தீர்கள்?