லூக்காஸ்-லெமர் சோதனையில் ஒவ்வொரு முறையும் வேறு மீதி வருகிறது

வணக்கம். 2^30402457 − 1 பகா எண் என்பது 2005லேயே உறுதியானது. கணினியை நம்பலாமா என்று பார்க்க, 2^p − 1 வடிவ எண் பகா எண்ணா என்று காட்டும் லூக்காஸ்-லெமர் சோதனையை அந்த எண்ணிலேயே ஓட்டுகிறேன். 4இல் தொடங்கி, வர்க்கமாக்கி, 2 கழித்து, அந்த எண்ணால் வகுத்த மீதியை எடுக்க வேண்டும். 30402455 முறை செய்தால் கடைசியில் பூஜ்யம் வந்தே ஆக வேண்டும். மூன்று ஓட்டம், ஒவ்வொன்றும் 21 மணி நேரம். பூஜ்யம் ஒன்றிலும் இல்லை, மூன்று மீதியும் வெவ்வேறு. நடுவில் ஒரு பிட் தவறினால் போதும், அடுத்தடுத்த வர்க்கங்கள் அதை எண் முழுக்கப் பரப்பிவிடும்.

இடம் தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த். 4 கோர் ஐ5 பிராசசர், அதற்குள் 6 எம்பி கேஷ் (சிறிய வேக நினைவகம்), 8 ஜிபி டிடிஆர்3 ராம் இரண்டு, மென்பொருள் பிரைம்95. சிக்கல் ஜனவரி நடுவில் தொடங்கியது.

2^3021377 − 1 மட்டும் எப்போதும் பூஜ்யம் தருகிறது. அதன் எஃப்எஃப்டி (பெரிய எண்களை வேகமாகப் பெருக்கும் முறை) தரவு கேஷுக்குள் அடங்கிவிடும். பெரியதற்குச் சுமார் 13 எம்பி தேவை, ராமுக்குப் போயே தீர வேண்டும். என் சந்தேகம் அந்தப் பாதையில்தான்.

ஆனால் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்டில் 4 சுற்றிலும் பிழை இல்லை. ராம் வேகத்தை 1600இலிருந்து 1333க்கு இறக்கினேன், ஒவ்வொரு ராமையும் தனியே போட்டேன், மாற்றமில்லை. தெர்மல் பேஸ்ட் புதிது, வெப்பம் 71 டிகிரியைத் தாண்டவில்லை. யுபிஎஸ் உண்டு. பகா எண்ணா என்று பார்க்கும் இன்னொரு வழியான ஃபெர்மா வகைச் சோதனையில், நடுவிலேயே கணக்குப் பிழையைப் பிடிக்கும் கெர்பிட்ஸ் சரிபார்ப்பு 7 முறை பிழை கண்டு பின்னுக்குப் போய், கடைசியில் சரியான விடை தந்தது. ஆகவே மென்பொருள் மேல் தவறில்லை.

பவர் சப்ளையா, பிராசசருக்குள் இருந்து ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலரா என்று, பாகம் வாங்குவதற்கு முன்பே பிரித்தறிய எந்தச் சோதனையை ஓட்டலாம்?