ரிமோட் டெஸ்க்டாப்பில் வருபவரின் ஐபி முகவரியை சி ஷார்ப்பில் எடுப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். ஒரு தணிக்கை அலுவலகத்துக்குப் புரோகிராம் எழுதித் தருகிறேன். ஒரே விண்டோஸ் சர்வர், 14 பேர் வீட்டிலிருந்தும் கிளை அலுவலகத்திலிருந்தும் ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்து கணக்கு எழுதுகிறார்கள். போன வாரம் ஒரு நாள் இரவு 11 மணிக்கு மேல் யாரோ ஒரு லெட்ஜரில் கை வைத்திருக்கிறார்கள். பதிவாகியிருக்கும் பெயர் அங்கே வேலை செய்யும் ஒரு அக்காவுடையது, அவரோ அந்த நேரத்தில் தூங்கிவிட்டேன் என்கிறார், நான் அவரை நம்புகிறேன். ஆனால் எங்கிருந்து வந்தார்கள் என்று காட்ட என் புரோகிராமில் ஒன்றும் இல்லை. இனிமேலாவது முகவரியைச் சேர்த்துப் பதிய வேண்டும் என்று ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பின் விவரங்களைத் தரும் விண்டோஸின் டபிள்யூடிஎஸ் குவெரி செஷன் இன்ஃபர்மேஷன் ஃபங்ஷனை, டபிள்யூடிஎஸ் கிளையன்ட் அட்ரஸ் கொடுத்து அழைக்கிறேன். யார் வந்தாலும் 0.0.192.168 என்றே வருகிறது. எங்கே தப்பு?

முதல் பதில்:
தப்பு இரண்டு பைட்டில் இருக்கிறது. அந்த ஃபங்ஷன் திருப்பித் தரும் ஸ்ட்ரக்சரில் அட்ரஸ் என்று 20 பைட் வரும், நீங்கள் அதை 0லிருந்து படிக்கிறீர்கள். ஐபி நான்காம் பதிப்பு முகவரி 2ஆம் பைட்டில்தான் தொடங்குகிறது, 2, 3, 4, 5 ஆகிய நான்கையும் எடுங்கள். உங்கள் விடையைப் பாருங்கள், 192.168 என்பது இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. படிப்பதற்கு முன் அதே ஸ்ட்ரக்சரில் உள்ள அட்ரஸ் ஃபேமிலி 2 தானா, அதாவது ஐபி நான்காம் பதிப்புதானா என்று பார்த்துவிடுங்கள், சர்வர் முன்னாலேயே உட்கார்ந்து லாகின் செய்தவருக்கு முகவரி எதுவும் இருக்காது. அப்புறம் வேலை முடிந்ததும் அந்த நினைவகத்தை விடுவிக்க டபிள்யூடிஎஸ் ஃப்ரீ மெமரி அழைக்க மறக்காதீர்கள்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி. ஆனால் இப்போது வேறு குழப்பம். மதுரையில் இருப்பவருக்கும் ஓசூரில் இருப்பவருக்கும் ஒரே 192.168.1.5 வருகிறது. இது எப்படி?

இரண்டாம் பதில்:
இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள், நானும் ஒரு வருடம் இப்படித்தான் பதிந்து வைத்திருந்தேன். அந்த ஃபங்ஷன் தருவது உங்கள் சர்வர் பார்த்த முகவரி இல்லை. இணைப்பு தொடங்கும்போது எதிர்ப்பக்கக் கணினி "என் முகவரி இது" என்று தானே சொல்லி அனுப்புகிறது, அதையே விண்டோஸ் உங்களிடம் எடுத்துத் தருகிறது. வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் கணினிக்குத் தன் உள் முகவரிதானே தெரியும்? அதனால் இரண்டு ஊரிலும் ஒரே எண். தன்னைப் பற்றித் தானே சொல்வதை யார் வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லலாம் என்பதால், ஒருவர் மேல் பழி வரும் விஷயத்தில் இதை ஆதாரமாக வைக்கவே கூடாது.

சர்வர் உண்மையில் பார்த்த முகவரி, விண்டோஸ் தானே எழுதி வைக்கும் நிகழ்வுப் பதிவான ஈவென்ட் லாகில் இருக்கிறது. டெர்மினல் சர்வீசஸ் லோக்கல் செஷன் மேனேஜர் என்பதன் கீழ் ஆபரேஷனல் என்ற பதிவேட்டைத் திறங்கள். அதில் நிகழ்வு எண் 21 என்றால் புது லாகின், 25 என்றால் விட்டுப்போன செஷனில் (லாகின் முதல் லாக் ஆஃப் வரை சர்வரில் ஓடும் அமர்வு) மறுபடி ஒட்டிக்கொண்டது. இரண்டிலும் பயனர், செஷன் எண், முகவரி மூன்றும் சேர்ந்தே இருக்கும். சி ஷார்ப்பில் அந்தப் பதிவைப் படிக்கும் ஈவென்ட் லாக் ரீடர் கிளாஸை வைத்து அந்தச் செஷன் எண்ணுக்குக் கடைசியாக வந்த 21 அல்லது 25ஐ எடுங்கள். கடைசியாக என்று சொல்வதற்குக் காரணம், சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் அதே எண்கள் திரும்ப வரும். நடுவில் விபிஎன்னோ (இணையத்தின் மேல் போடும் பாதுகாப்பான தனிப் பாதை) ரிமோட் டெஸ்க்டாப் கேட்வேயோ (இணைப்பை நடுவில் வாங்கி அனுப்பும் சர்வர்) இருந்தால் அதன் முகவரியோ அது கொடுத்த முகவரியோதான் இதில் தெரியும், அப்போது அதன் பதிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பதில்:
மேலே சொன்னது சரி, ஒன்று மட்டும் சேர்க்கிறேன். புரோகிராம் திறக்கும்போது ஒரு முறை முகவரியை எடுத்து வைத்துக்கொள்வது போதாது. ஒருவர் கிளையில் வேலை செய்துவிட்டு லாக் ஆஃப் செய்யாமல் ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போவார், இரவு வீட்டிலிருந்து அதே செஷனில் வருவார், உங்கள் புரோகிராம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், பழைய முகவரியோடு. பின்னணியில் ஓடும் விண்டோஸ் சர்வீஸ் ஒன்று எழுதி, செஷன் மாறும்போதெல்லாம் அறிவிப்பு தரும் ஆன் செஷன் சேஞ்சில் பிடியுங்கள். அறிவிப்பு வந்த அதே நொடியில் தேடினால் பதிவு இன்னும் வந்திருக்காது, ஓரிரு நொடி விட்டுத் தேடுங்கள். அந்தப் பதிவேடு அளவில் சின்னது, நிரம்பினால் பழையது அழிந்துவிடும், எனவே வந்தவுடன் உங்கள் டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள்.

ஆமாம், ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 போர்ட்டை அப்படியே இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் முதலில் விபிஎன் போடச் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

கேட்டவர்:
திறந்துதான் இருந்தது, நேற்றே அலுவலகத்தில் பேசிவிட்டேன், விபிஎன் போடுகிறார்கள்.

பதிவேட்டில் அந்த இரவு இன்னும் அழியாமல் இருந்தது. 11.12க்கு ஒரு 25, அந்த அக்காவின் பெயரில். முகவரி அவர் வீட்டுடையது இல்லை, கிளை அலுவலகத்தின் நிலையான முகவரி. அன்று மாலை 6 மணிக்கே அவர் அங்கிருந்து கிளம்பிவிட்டார் என்று வருகைப் பதிவில் இருக்கிறது. இரண்டையும் அச்செடுத்து இன்று காலை அவர் கையிலேயே கொடுத்தேன்.