அப்பாவின் மணிக்கூடு பாதி அடிகளைத்தான் காட்டுகிறது, ஏன்?

வெள்ளவத்தை மகள்:
அப்பாவுக்கு 68 வயது, சீனி வருத்தம். கிளினிக்கில் நடக்கச் சொன்னதால் தினமும் விடிய ஐந்தரைக்கு நானும் அவரும் மரைன் டிரைவ் வழியாகப் பம்பலப்பிட்டி ஸ்டேஷன் வரை போய்த் திரும்புகிறோம். இருவருக்கும் ஒரே வகை ஸ்மார்ட் வாட்ச், ஜிபிஎஸ் இல்லாதது. நேற்று என்னுடையது 6,100 அடி, 3.9 கிலோமீற்றர். அவருடையது 2,900 அடி, 2 கிலோமீற்றர். ஒன்றாகத்தான் போனோம், ஒன்றாகத்தான் வந்தோம். பட்டியை இறுக்கிப் பார்த்தேன், ரீசெட் செய்தேன், மாற்றமில்லை. அதையே அம்மா கட்டிக்கொண்டு தேங்காய் திருவினால், இருந்த இடத்தில் 200 அடி ஏறுகிறது! "ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடிக்கு நான் எங்கே போறது" என்று அப்பா மனம் விட்டுவிட்டார். எனக்கு அதுதான் கவலை.

தெஹிவளைத் தம்பி:
சென்சர் பழுது, அக்கா. வாங்கின கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

கொட்டாஞ்சேனை நடைக்குழு:
மாற்ற அவசரப்பட வேண்டாம், தங்கச்சி. அப்பா நடக்கும்போது கையை எங்கே வைத்திருக்கிறார்?

வெள்ளவத்தை மகள்:
பின்னால் கட்டிக்கொண்டுதான். படிப்பித்த காலத்திலிருந்தே அப்படித்தான் நடப்பார்.

கொட்டாஞ்சேனை நடைக்குழு:
அப்போ அதுதான் காரணம். மணிக்கூட்டுக்குக் கால் தெரியாது, கைதான் தெரியும். உள்ளே இருக்கும் அக்ஸலரோமீற்றர் கை அசைவை மூன்று திசையிலும் அளக்கிறது. அது ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப வந்தால் அடி என்று எண்ணும். கையைக் கட்டினால் வீச்சு இல்லை, உடம்பின் மெல்லிய குலுக்கம்தான் வரும். அதில் பாதி தவறிவிடும். சுப்பர் மார்க்கெட்டில் ட்ரொலி தள்ளும்போதும் இப்படித்தான். அம்மாவுக்கு நேர்மாறு: கால் அசையவில்லை, கை தாளத்தோடு போய் வருகிறது.

எங்கள் குழுவில் ஓர் ஐயாவுக்கும் இதே பிரச்சினை. வாய்விட்டு 100 அடி எண்ணி நடக்க வைத்தேன். கை வீசியபோது 97, கை கட்டியபோது 41, மணிக்கூட்டைக் கழற்றிக் காற்சட்டைப் பையில் போட்டபோது 99. அவருடைய முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. நீங்களும் அப்பாவோடு செய்து பாருங்கள். பையில் போட்டால் நாடித்துடிப்பு கிடைக்காது, பரவாயில்லை.

தூரம் வேறு விஷயம். ஜிபிஎஸ் இல்லாத மணிக்கூடு தூரத்தை அளப்பதில்லை. அடிகளை ஓர் அடியின் நீளத்தால் பெருக்குகிறது. அந்த நீளத்தையும் உயரத்தை வைத்து ஊகிக்கிறது, வழக்கமாக உயரத்தில் 41 சதவீதம் அளவில். 170 சென்றிமீற்றர் உயரமென்றால் கிட்டத்தட்ட 70. வயதானவர்கள் பலர் அவ்வளவு எட்டி வைப்பதில்லை. அதனால் எண்ணிக்கை சரிவந்த பிறகு தூரம் கூடிவிடும்! 400 மீற்றர் ஓட்டப்பாதையில் உள்வரிசையில் நடந்து, அடிகளை வாயால் எண்ணி, நடந்த தூரத்தை அந்த எண்ணிக்கையால் பிரித்து, வரும் நீளத்தை மணிக்கூட்டின் போன் அப்பில் போடுங்கள். உள்வரிசை முக்கியம், எட்டாவது வரிசையில் ஒரு சுற்று 453 மீற்றர் வரும். சில அப்களில் 'ஸ்ட்ரைட்' (stride) என்றால் இரண்டு அடி, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு போன் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடலாம். மரைன் டிரைவில் கடல் பக்கம் வானம் திறந்திருப்பதால் நன்றாக வரும். கோட்டைப் பக்கம் உயரமான கட்டடங்களுக்கிடையே சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, நேராக நடந்தாலும் கோடு நெளிந்து விழும்.

அப்புறம் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள். பத்தாயிரம் என்ற இலக்கு டொக்டர்கள் அளந்து வைத்த எல்லையாகத் தொடங்கவில்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போகே' என்ற கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி மானி' என்ற பொருள்தான். அவருக்கு எவ்வளவு நடை வேண்டுமென்று கிளினிக்கில் கேளுங்கள்.

வெள்ளவத்தை மகள்:
அண்ணா, மிகவும் நன்றி. ஞாயிறு மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். இரண்டு சுற்று, 1,226 அடி. எண்ணியது அப்பாதான், என்னை நம்பவில்லை. 65 சென்றிமீற்றர் என்று போட்டோம். கை கட்டுவதை அவர் விடமாட்டார், அதனால் மணிக்கூடு காற்சட்டைப் பையில். இன்று விடிய 5,870 அடி, 3.8 கிலோமீற்றர். போனில் 3.9. திரும்பி வரும் வழியில் இரண்டு தரம் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார்.